ஸ்கேனரா, கேமராவா, லேபா: பழைய ஸ்லைடுகளை டிஜிட்டலாக்க எது சரி?

எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மொத்தம் எத்தனை ஸ்லைடு இருக்கிறது? "ரெண்டு பெட்டி", "ஒரு சூட்கேஸ் நிறைய" என்று பதில் வரும். எண்ணியிருக்க மாட்டார்கள். நானும் எண்ணாமல்தான் முதல் ஸ்கேனரை வாங்கினேன். முதல் வாரம் 40 ஸ்லைடு முடிந்தது. அடுத்த வாரம் 12. மூன்றாம் வாரம் ஸ்கேனர் மேல் ஒரு துண்டைப் போர்த்தி மூலையில் வைத்துவிட்டேன். அப்புறம்தான் உட்கார்ந்து எண்ணினேன். பாக்கி 600-க்கு மேல்.

அதனால் இங்கே கருவிகளை பிக்சல் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிடப் போவதில்லை. ஒரு ஸ்லைடுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, அதில் நம் கைவேலை எவ்வளவு என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன். படத்தின் தரத்தில் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை, பெட்டி காலியாக வேண்டும் என்பது என் கட்சி.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாலை ஒதுக்கிக் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுங்கள். டேப்லெட் திரையை வெள்ளையாக்கி, வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, அதன் மேல் பத்துப் பத்து ஸ்லைடாகப் பரப்பி ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்தால் போதும். கை ஆடி எடுத்தது, ஒரே காட்சியை நான்கு முறை எடுத்தது, விமான ஜன்னல் வழியாக எடுத்த மேகம். இந்த மேகம் மட்டும் எல்லார் பெட்டியிலும் இருக்கிறது. என்னுடைய 670-இல் தேறியது 240. தேறாததை எறிய வேண்டாம், தனிப் பெட்டியில் போட்டு வைத்தால் போதும். ஆனால் ஸ்லைடுகள் இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். கோடாக் கழுவிக் கொடுத்த ஸ்லைடுகளில் பலவற்றின் அட்டைச் சட்டத்தில் மாதமும் ஆண்டும் சின்ன எழுத்தில் பதிந்திருக்கும். தேதி இல்லாத ஸ்லைடு எந்தக் காலத்தது என்பதைப் பக்கத்தில் இருக்கும் ஸ்லைடுதான் சொல்லும்.

சின்னச் சட்டத்துக்குள் எவ்வளவு இருக்கிறது?

35 மி.மீ. ஸ்லைடில் படம் 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம். சட்டத்தோடு சேர்த்து 50 மி.மீ. சதுரம். இதை 4,000 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 4,000 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் சுமார் 5,670 பிக்சல், அகலவாக்கில் 3,780, ஆக மொத்தம் 21 மெகாபிக்சல். 2,400 டிபிஐ என்றால் 7.7 மெகாபிக்சல். 1,600 என்றால் வெறும் 3.4.

கையில் பிடித்து எடுத்த சாதாரணக் குடும்பப் படத்துக்கு 2,400 தாராளம். 4கே டிவியின் மொத்தப் பிக்சலே 8.3 மெகாபிக்சல்தானே. டிரைபாடில் நிறுத்தி, நல்ல லென்ஸில், வேகம் குறைந்த ஃபிலிமில் எடுத்ததற்கு 4,000 வரை போகலாம். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் ஃபிலிமின் மணிகள்தான் பெரிதாகத் தெரியும்.

பிக்சலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இருட்டு. ஸ்லைடு என்பது பலமான பல்ப் வெளிச்சத்தை ஊடுருவவிட்டுத் திரையில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அதனால் அதன் கறுப்பு, நெகட்டிவில் இருக்கும் கறுப்பைவிட ரொம்ப அடர்த்தி. சுமாரான கருவி அந்த அடர்த்திக்குள் நுழைய முடியாமல் ஒரே கறுப்புத் திட்டாகவோ, நீலமும் சிவப்புமாகப் புள்ளி தெறித்தோ காட்டும். நிழலில் நிற்பவரின் தலைமுடி தனித்தனி இழையாகத் தெரிகிறதா, கறுப்புத் தொப்பி மாட்டியது போல் இருக்கிறதா? எந்த வழியைப் பரிசோதித்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிளாட்பெட்: எல்லாம் செய்யும், எதையும் முழுசாகச் செய்யாது

மூடிக்குள்ளும் விளக்கு இருக்கும் பிளாட்பெட் ஸ்கேனர்தான் பலரும் முதலில் வாங்குவது. நானும் அதைத்தான் வாங்கினேன். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 ஒரு தடவையில் 4 ஸ்லைடு எடுக்கும், வி850 என்றால் 12. பெட்டியில் வி600-க்கு 6,400 டிபிஐ என்று போட்டிருக்கும். சோதனைத் தகடு வைத்து அளந்து பார்த்தால் அது உண்மையில் பிரித்துக் காட்டுவது சுமார் 1,600. வி850 சுமார் 2,300 வரை வரும். 6,400-இல் ஸ்கேன் செய்தால் ஃபைல்தான் ஊதும், படத்தில் ஒன்றும் கூடாது.

ஆல்பத்தில் ஒட்டிய பிரிண்ட், நெகட்டிவ், கடிதம் எல்லாம் கலந்து கிடக்கும் வீட்டுக்கு பிளாட்பெட் நல்ல வேலைக்காரன். ஸ்லைடு மட்டும்தான் என்றால் நான் இன்னொரு முறை வாங்க மாட்டேன். கண்ணாடியில் தூசி, ஸ்லைடின் இரண்டு பக்கத்திலும் தூசி, மூடியின் உள்பக்கத்தில் தூசி. தூசி நீக்கும் வசதியையும் போட்டால் என் கணக்கில் ஒரு ஸ்லைடுக்கு 3 நிமிடம். 600 ஸ்லைடுக்கு 30 மணி நேரம். நடுவில் ஒவ்வொரு 12 நிமிடத்துக்கும் எழுந்து போய் நான்கு ஸ்லைடை மாற்ற வேண்டும். வேறு வேலையில் மனசும் ஒன்றாது, இந்த வேலையும் ஓடாது. துண்டு போர்த்தும் நிலைமை வந்தது இப்படித்தான்.

ஃபிலிம் ஸ்கேனர்: அகச்சிவப்புக் கதிரின் தயவு

ஃபிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர்கள் தரத்தில் ஒரு படி மேலே. இப்போது புதிதாகக் கிடைப்பவற்றில் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் வரிசை பலருக்கும் தெரியும். 8200ஐ மாடலில் 7,200 டிபிஐ என்று எழுதியிருந்தாலும் உண்மையில் வருவது அதில் பாதிக்கும் கீழே, 3,200 சொச்சம். அதுவே நல்ல அளவுதான். குறை வேறு இடத்தில். நான்கு ஸ்லைடை ஒரு தட்டில் வைத்து, ஒவ்வொன்றாக நாமே கையால் தள்ள வேண்டும். ஃபோகஸும் நிலையானது, சட்டத்துக்குள் ஃபிலிம் வளைந்திருந்தால் அதற்கேற்ப மாறாது.

பழசில் தேடினால் நிக்கான் கூல்ஸ்கேன் கிடைக்கும். 5000 மாடலும் 9000 மாடலும் 4,000 டிபிஐயை ஏறக்குறைய முழுசாகவே கொடுப்பவை. 5000-க்கு 50 ஸ்லைடை அடுக்கி வைத்தால் தானே ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும் ஃபீடரும் உண்டு. ஆனால் நிக்கான் இவற்றைச் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. நிக்கானின் சொந்த மென்பொருள் இன்றைய கம்ப்யூட்டர்களில் தகராறு செய்யும், வியூஸ்கேன் மாதிரி வேறொன்றை நம்ப வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடியில் வருஷக்கணக்கான தூசி படிந்திருந்தால், வெளிச்சமான இடங்களைச் சுற்றி ஒரு பனிமூட்டம் தெரியும். பார்க்காமல் வாங்கினால் சூதாட்டம்தான். மூலை மடங்கிய அட்டைச் சட்டம் ஃபீடரில் சிக்கினால் அது தனிக் கதை.

ஃபிலிம் ஸ்கேனரின் பெரிய பலம் அகச்சிவப்புக் கதிர். கலர் ஃபிலிமின் சாயங்கள் இந்தக் கதிரைத் தடுக்காமல் விட்டுவிடும், தூசியும் கீறலும் விடாது. அதனால் ஸ்கேனர் அகச்சிவப்பில் ஒரு படம் எடுத்தால் அதில் தூசி மட்டும் நிழலாக விழும். அதை வரைபடமாக வைத்துக்கொண்டு கலர் படத்தில் அந்த இடங்களை மென்பொருள் நிரப்பிவிடும். டிஜிட்டல் ஐஸ் என்பது இதுதான். நல்ல பிளாட்பெட்களிலும் இது உண்டு. பிளஸ்டெக்கில் 8200ஐயில் இருக்கிறது, 8100-இல் கிடையாது. ஒரு ஸ்லைடில் முப்பது தூசிப் புள்ளியைக் கையால் துடைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் கருப்பு வெள்ளை ஃபிலிமில் இது செல்லாது. அதில் படமே வெள்ளித் துகள், அகச்சிவப்பு அதைத் தாண்டாது. கோடாக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிமான கோடாக்குரோமும் தகராறுதான். அதன் சாயம் அகச்சிவப்பை ஓரளவு மறிப்பதால், கூர்மையான விளிம்புகளைத் தூசி என்று நினைத்து மென்பொருள் மழுப்பிவிடும். கூல்ஸ்கேன் 9000-இல் மட்டும் கோடாக்குரோமைச் சமாளிக்கும் ஐஸ் இருந்தது.

கோடாக்குரோம் 35 மி.மீ. ஸ்லைடாக 1936 முதல் வந்தது, 2009-இல் கோடாக் நிறுத்தியது. பழைய பெட்டிகளில் பாதிக்கு மேல் அதுவாகவே இருக்க வாய்ப்பு உண்டு. சட்டத்தில் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் ஃபிலிமின் பளபளப்பில்லாத, மங்கலான பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். படத்தின் உருவங்கள் செதுக்கியது போல் மேடு பள்ளமாகத் தெரிந்தால் கோடாக்குரோம். ஸ்கேன் செய்தால் நீலம் தூக்கலாக வரும், அதைத் திருத்தினால் கலர் நன்றாக இருக்கும். இருட்டில் வைத்த கோடாக்குரோம் அவ்வளவு சீக்கிரம் மங்காது. கோடாக்கின் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாகுரோமில் அதே காலத்தவை பலவும் சிவப்பேறிப் போயிருக்கும், அதில் முதலில் போவது பச்சைநீலச் சாயம். வெளுத்த ஸ்லைடை எந்தக் கருவியில் எடுத்தாலும் 16 பிட்டில் எடுங்கள், ஒவ்வொரு நிறத்திலும் நுணுக்கமான படிகள் நிறையக் கிடைக்கும். மிச்சம் இருக்கும் கொஞ்சச் சாயத்தை இழுத்துப் பெரிதாக்க அந்தப் படிகள் வேண்டும்.

கேமரா: என் ஓட்டு இதற்கே

மாற்றக்கூடிய லென்ஸ் உள்ள கேமரா ஏற்கெனவே கையில் இருந்தால், மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். ஒரு மேக்ரோ லென்ஸ், கீழே நல்ல வெள்ளை விளக்கு, ஸ்லைடை ஒரே இடத்தில் நிறுத்த ஒரு தாங்கி. இவ்வளவுதான். சென்சார் ஸ்லைடு படத்தின் அளவே இருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் லென்ஸ் 1:1 வரை, அதாவது படத்தை அசல் அளவிலேயே சென்சாரில் விழச் செய்யும் வரை போக வேண்டும். சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 0.65 மடங்கு போதும். 24 மெகாபிக்சல் கேமராவில் கிடைப்பது கூல்ஸ்கேனுக்கு ஈடான அளவு. நேரம்? ஸ்லைடுக்கு 15 விநாடி. 600 ஸ்லைடு இரண்டரை மணி நேரம். கூட ஒரு ஆள் இருந்து தூசி ஊதிக் கொடுத்தால் இன்னும் வேகம்.

இந்த வேகம் சும்மா வராது, முதல் மாலை முழுக்க அமைப்பதிலேயே போய்விடும். முக்கியமானது கேமராவும் ஸ்லைடும் இம்மி பிசகாமல் இணையாக இருப்பது. கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு மூலை கூர்மை, எதிர் மூலை மசமச. நீர்மட்டம் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல தந்திரம் ஒன்று இருக்கிறது. ஸ்லைடு வைக்கும் இடத்தில் ஒரு சின்னத் தட்டைக் கண்ணாடியை வையுங்கள், முகம் பார்க்கும் கண்ணாடி. கேமரா வழியாகப் பார்த்தால் லென்ஸின் பிம்பமே தெரியும், நடுவில் கறுப்பு வட்டமாக. அந்த வட்டம் படத்தின் நட்ட நடுவில் வரும்வரை கேமராவை அசைத்துச் சரிசெய்தால் இரண்டும் இணை. எனக்கு முதல் தடவை அரை மணி நேரம் பிடித்தது. மூன்றாம் தடவை இரண்டு நிமிடம்.

விளக்கு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு) 95-க்கு மேல் உள்ள எல்இடி பலகையாகப் பாருங்கள். மலிவான விளக்கில் சிவப்பு செத்துப் போகும், பிறகு முகங்களை உயிர்ப்பிக்கப் படாத பாடு படுவீர்கள். மொபைல் திரையை விளக்காக வைத்து ஒரு முறை செய்து பார்த்தேன். ஸ்லைடை நேரே திரை மேல் வைத்ததில் திரையின் புள்ளிக்கட்டங்கள் வானம் முழுக்கத் தெரிந்தன. விளக்குக்கும் ஸ்லைடுக்கும் இடையில் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் ஒரு பால்நிற பிளாஸ்டிக் வைத்தால் அந்தக் கட்டமும், விளக்கின் மேலுள்ள தூசியும் ஃபோகஸுக்கு வெளியே போய்விடும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், ஸ்லைடைச் சுற்றி விளக்குத் தெரியும் இடத்தைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள். லென்ஸுக்குள் வேண்டாத வெளிச்சம் புகுந்தால் அந்த அடர்ந்த கறுப்பு சாம்பலாகிவிடும்.

மற்றதெல்லாம் கேமரா பழகியவர்களுக்குத் தெரிந்தவை: ரா ஃபைல், குறைந்த ஐஎஸ்ஓ, எஃப் 5.6 முதல் 8 வரை, தொடாமல் ஷட்டர் அடிக்க டைமர். வெறும் விளக்கையே ஒரு படம் எடுத்து அதை வைத்து வொயிட் பேலன்ஸ் நிறுத்திவிட்டால் ஸ்லைடின் அசல் நிறம் அப்படியே வரும். ரொம்ப இருட்டான ஸ்லைடுகளுக்கு மட்டும் கூடுதல் வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்துக்கொள்வேன்.

கேமராவின் பெரிய ஓட்டை, அகச்சிவப்பு உதவி இல்லாதது. ஊதும் பல்பும் மென்மையான பிரஷ்ஷும்தான் கதி. வாயால் மட்டும் ஊதாதீர்கள், எச்சில் துளி தெறித்தால் தூசியைவிட மோசம். பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெல்லட்டின் தண்ணீரில் கரைந்து படத்தோடு போய்விடும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஃபிலிமை வைத்த ஸ்லைடு என்றால் தூசி உட்காரும் பரப்பு ஆறு. அதோடு ஃபிலிம் கண்ணாடியில் ஒட்டும் இடங்களில் எண்ணெய் மிதப்பது போல் வானவில் வளையங்கள் வேறு. என்னிடம் அப்படி 22 இருந்தன. சட்டத்தைப் பிரித்து ஃபிலிமை வெளியே எடுத்துப் புது பிளாஸ்டிக் சட்டத்தில் போட்டேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் வேறு வழியில்லை.

சின்னப் பெட்டி, பெரிய சுவர்

கம்ப்யூட்டர் இல்லாமலே மெமரி கார்டில் சேமிக்கும் கையடக்க ஸ்லைடு மாற்றிகள் உண்டு. உள்ளே இருப்பது ஒரு சின்னக் கேமராவும் விளக்கும்தான். 22 மெகாபிக்சல் என்பார்கள், அதில் பெரும்பங்கு மென்பொருள் ஊதிப் பெருக்கியது. நிழலும் கறுப்பாகிவிடும், வானமும் வெளுத்துவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவும், எது தேறும் என்று பார்க்கவும் சரி. அதைக் கடைசிப் பிரதியாக நினைக்க வேண்டாம்.

புரொஜெக்டரில் போட்டுச் சுவரைப் படம் எடுப்பதைப் பற்றி ஒரே வரி: சுவரின் சொரசொரப்பும் கோணலும் படத்தில் ஏறும், பல்ப் சூட்டில் ஸ்லைடும் வெளுக்கும். இருட்டில் அவ்வளவு நாள் தாங்கும் கோடாக்குரோம், புரொஜெக்டர் வெளிச்சத்தில் மற்ற ஃபிலிம்களைவிடச் சீக்கிரம் மங்கும்.

லேபில் கொடுப்பது

நேரமில்லாதவர்களுக்கு இதுதான் கௌரவமான வழி. நல்ல லேபில் நல்ல ஸ்கேனர் இருக்கும், பழகிய கை இருக்கும். நான் ஒரு முறை 80 ஸ்லைடை ஓரிடத்தில் கொடுத்தேன். 80 ஃபைல் வந்தது, கலரும் குறையில்லை. நாலு நாள் கழித்துத்தான் உறைத்தது, ஒரு படத்தில் எல்லார் சட்டைப் பையும் வலது பக்கம் இருந்தது. தேடிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஸ்லைடு திருப்பிப் போட்டு ஸ்கேன் ஆகியிருக்கிறது. கம்ப்யூட்டரில் திருப்புவது ஒரு சொடுக்குதான். எதைத் திருப்புவது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஆள் இருந்தால் சட்டைப் பை, கைக்கடிகாரம், பின்னால் ஒரு பெயர்ப்பலகை என்று ஏதாவது காட்டிக்கொடுக்கும். வெறும் கடற்கரையும் மலையும் எந்தத் துப்பும் தராது. ஸ்லைடையே மறுபடி எடுத்து மங்கலான பக்கம் எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அதிலிருந்து யாரிடம் கொடுத்தாலும் முதலில் பத்து ஸ்லைடுதான். அதில் ரொம்ப இருட்டானது ஒன்று, வெளுத்தது ஒன்று, கோடாக்குரோம் இரண்டு, எழுத்து தெரியும் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். எந்த ஸ்கேனர், எத்தனை டிபிஐ, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் ஃபைல் கிடைக்குமா, சுருக்கிய ஜேபெக் மட்டுமா, வரிசை மாறாமல் வருமா, அவர்களே செய்கிறார்களா அல்லது வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்பதையெல்லாம் கேட்டுவிடுவேன். கூரியரில் அனுப்புவதானால் மொத்தத்தையும் ஒரே பார்சலில் கட்ட மாட்டேன். ஃபைல் தொலைந்தால் மறுபடி ஸ்கேன் செய்யலாம், பார்சல் தொலைந்தால் கதை முடிந்தது.

அப்படியானால் யாருக்கு எது? 50 ஸ்லைடுக்குள் என்றால் எதையும் வாங்காதீர்கள், லேபில் கொடுத்துவிடுங்கள். கேமரா பழக்கமுள்ளவரிடம் சில நூறு இருந்தால் கேமராதான், சந்தேகமே வேண்டாம். கேமராவும் இல்லை, பழகவும் விருப்பமில்லை, ஆனால் மாலைகள் நிறைய இருக்கின்றன என்றால் அகச்சிவப்பு உள்ள ஃபிலிம் ஸ்கேனர். பிரிண்ட்களும் குவிந்து கிடந்தால் பிளாட்பெட். ஆயிரக்கணக்கில் இருந்தால் எல்லாவற்றையும் கேமராவில் ஓட்டிவிட்டு, பெரிதாக பிரிண்ட் போட நினைப்பவற்றை மட்டும் லேபுக்கு அனுப்பலாம். நான் செய்ததும் ஏறக்குறைய இதுதான். 240-ஐ இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவில் முடித்தேன். ஒன்பதை மட்டும் கூல்ஸ்கேன் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஏழில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. மிச்சம் இரண்டும் தூசி மண்டிய எக்டாகுரோம், அங்கே ஐஸ் ஜெயித்தது.

சேமிப்புக் கணக்கும் ஒரு வார்த்தை. 24 மெகாபிக்சலை 16 பிட் டிஃப்பாக வைத்தால் ஒரு படத்துக்கு சுமார் 144 எம்பி, 240 படத்துக்கு 35 ஜிபியைத் தொடும். முக்கியமானவற்றுக்கு மட்டும் டிஃப், மற்றதற்கு ரா ஃபைலும் நல்ல தரத்தில் ஒரு ஜேபெக்கும் போதும். இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டும் வேறு வேறு வீட்டில்.

ஃபைல் பெயர் எப்படி வைத்தாலும் சரி, அதே எண்ணைப் பென்சிலால் ஸ்லைடின் சட்டத்திலும் எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக் சட்டம் என்றால் சின்ன ஸ்டிக்கர். அட்டையில் யாராவது ஏற்கெனவே ஏதாவது கிறுக்கியிருந்தால் அதையும் மொபைலில் ஒரு படம் எடுத்து அதே எண்ணில் சேமித்து வைக்கலாம். என் பெட்டியில் 117-ஆவது ஸ்லைடில் ஒரு ஏரி, படகில் இரண்டு பேர், முகம் தெரியாத தூரம். சட்டத்தின் ஓரத்தில் நீல மையில் "இடது பக்கம் நான்" என்று எழுதியிருக்கிறது. அந்த லேப் திருப்பிப் போட்ட படங்களில் அதுவும் ஒன்று.